பேட்டில்ஃப்ரண்ட் 2 சர்ச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம் வெளியீட்டு நிறுவனங்களுக்கு எதிரான வாடிக்கையாளர் கோபத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் சிறிது நேரத்தில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 விளையாட்டில் குலுக்கல் பெட்டிகளை (லூட் பாக்ஸ்) பணத்துக்கு விற்க முனைந்ததற்காக 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் சந்தித்த எதிர்ப்பில் வந்து நிற்கும். அந்த நிகழ்வு பெரும்பாலும் ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் நிறுவனம் எழுதிய ஒரு பதிலுக்கு விழுந்த எதிர்வாக்குகளின் கதையாகவே சொல்லப்படுகிறது. எதிர்வாக்குகள் விழுந்தது உண்மை. ஆனால் அவை மட்டுமே நிறுவனத்தைப் பணியவைத்தன என்று சொன்னால், அதே நிறுவனம் அதே காலத்தில் அதே வகை விற்பனையை வேறொரு விளையாட்டில் பெரிய தடை ஏதும் இன்றித் தொடர்ந்தது எப்படி என்பதை விளக்க முடியாமல் போகும். கீழுள்ள பதில்கள் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

சுருக்கமாகச் சொன்னால் என்ன நடந்தது?

ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 என்ற விளையாட்டு 2017 நவம்பர் 17 அன்று பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றுக்கு வெளியானது. 60 டாலர் கொடுத்து வாங்கிய பிறகும், ஆட்டத்தில் வலிமை தரும் அட்டைகளைப் பணம் கொடுத்து வாங்கும் குலுக்கல் பெட்டிகள் வழியாகப் பெறும் ஏற்பாடு அதில் இருந்தது. டார்த் வேடர், லூக் ஸ்கைவாக்கர் போன்ற முதன்மைப் பாத்திரங்கள் பூட்டப்பட்டிருந்தன. நிறுவனத்தின் சந்தாதாரர்களுக்கு நவம்பர் 9 அன்று முன்னோட்டமாக விளையாட்டு திறக்கப்பட்டபோது இந்த விவரங்கள் வெளிப்பட்டன. அடுத்த சில நாட்களில் கோபம் பரவியது. நிறுவனம் முதலில் பாத்திரங்களைத் திறக்கும் விலையைக் குறைத்தது, பிறகு வெளியீட்டுக்கு முந்தைய நாளில் உண்மையான பணம் புழங்கும் விற்பனை முழுவதையும் நிறுத்தியது. நான்கு மாதங்கள் கழித்து முன்னேற்ற முறையே திருத்தி எழுதப்பட்டது.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு அதற்கு முன்பே கெட்ட பெயர் இருந்ததா?

இருந்தது. ட்ரிப் ஹாக்கின்ஸ் 1982இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இந்த நிறுவனம், தொடக்கத்தில் விளையாட்டுகளை எழுதியவர்களைக் கலைஞர்களாக முன்னிறுத்திப் பெயர் எடுத்தது. பிந்தைய ஆண்டுகளில் சிறிய ஸ்டுடியோக்களை வாங்கி மூடும் நிறுவனம் என்ற அவப்பெயரே மிஞ்சியது. அமெரிக்க நுகர்வோர் தளமான கன்ஸ்யூமரிஸ்ட் நடத்திய வாக்கெடுப்பில் 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அமெரிக்காவின் மிக மோசமான நிறுவனமாக இது தேர்ந்தெடுக்கப்பட்டது. வீட்டுக் கடன் நெருக்கடியின் காயம் ஆறாத காலத்தில் ஒரு வங்கியைவிட வீடியோ கேம் நிறுவனம் மோசமானது என்று மக்கள் வாக்களித்ததைப் பலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் நியாயமும் இருந்தது. எனினும் 2013 மார்ச்சில் வெளியான சிம்சிட்டி, தனியாக விளையாடுவதற்குக்கூட இணையத் தொடர்பைக் கட்டாயமாக்கி, வெளியான முதல் நாட்களில் சர்வர்கள் தாங்காமல் முடங்கியதை வாங்கியவர்கள் மறக்கவில்லை.

2017 அக்டோபரில், அதாவது பேட்டில்ஃப்ரண்ட் 2 வருவதற்கு ஒரு மாதம் முன்பு, தனியாளாக விளையாடும் ஒரு ஸ்டார் வார்ஸ் கதை விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்த விசெரல் கேம்ஸ் ஸ்டுடியோவை நிறுவனம் மூடியது. கதை விளையாட்டைக் கைவிட்டுவிட்டுக் கட்டணப் பெட்டிகளை நோக்கிப் போகிறார்கள் என்ற ஐயம் அப்போதே ரசிகர்களிடையே எழுந்துவிட்டது.

இரண்டாம் பாகத்தில் லூட் பாக்ஸ் வந்ததற்குக் காரணம் என்ன?

விந்தை என்னவென்றால், இதற்கும் ஒரு பழைய புகாரே காரணம். 2015இல் வந்த முதல் பேட்டில்ஃப்ரண்டில் கூடுதல் வரைபடங்களும் (மோதும் களங்கள்) பாத்திரங்களும் 50 டாலர் மதிப்புள்ள சீசன் பாஸ் வழியாக விற்கப்பட்டன. வாங்கியவர்கள் ஒரு பக்கம், வாங்காதவர்கள் ஒரு பக்கம் என்று விளையாடும் கூட்டம் பிளந்தது. தனியாள் கதைப் பகுதி இல்லை என்ற குறையும் சேர்ந்தது. எனவே இரண்டாம் பாகத்தில் கதைப் பகுதியைச் சேர்த்து, சீசன் பாஸை நீக்கி, இனி வரும் வரைபடங்கள் அனைவருக்கும் இலவசம் என்று நிறுவனம் அறிவித்தது. அறிவிப்பு வரவேற்கப்பட்டது. அந்த இலவசத்துக்கான செலவை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு நிறுவனம் வைத்திருந்த விடைதான் பெட்டி.

அந்தப் பெட்டிகள் எப்படி இயங்கின?

லூட் பாக்ஸ் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் மின்னணுப் பெட்டி. பெட்டிக்கடை அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துப் பார்க்கும் பழைய பரிசு விளையாட்டை நினைத்துக்கொண்டால் அடிப்படை புரிந்துவிடும்.

பேட்டில்ஃப்ரண்ட் 2இல் இரண்டு வகை நாணயங்கள் இருந்தன. ஆட்டம் ஆடி ஈட்டுவது கிரெடிட்; உண்மையான பணம் கொடுத்து வாங்குவது கிரிஸ்டல். இரண்டில் எதைக் கொடுத்தாலும் பெட்டி வாங்கலாம். பெட்டிக்குள் முக்கியமாக ஸ்டார் கார்டு எனப்படும் அட்டைகள் இருந்தன. ஓர் அட்டை ஒரு வீரரின் உடல் வலிமையைக் கூட்டும். இன்னொன்று கையெறிகுண்டை மீண்டும் பயன்படுத்தக் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். வேறொன்று விண்கலத்தின் தாக்கும் திறனை உயர்த்தும். ஒரே அட்டையில் பல தரங்கள் உண்டு. தரம் கூடக் கூட நன்மையும் கூடும். வேண்டாத அட்டைகள் வந்தால் உதிரிப் பொருள்கள் கிடைக்கும். அவற்றைச் சேர்த்து வேண்டிய அட்டையை உருவாக்கிக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. நாற்பது பேர் ஒரே களத்தில் மோதும் ஆட்டத்தில், திறமையால் அல்லாமல் பெட்டிகளின் எண்ணிக்கையால் ஒருவர் வலுப்பெற முடியும் என்பது முதல் சிக்கல். ஆட்டம் முடிந்ததும் கிடைக்கும் கிரெடிட், எவ்வளவு நன்றாக ஆடினோம் என்பதைவிட எவ்வளவு நேரம் களத்தில் இருந்தோம் என்பதையே பெரிதும் சார்ந்திருந்தது என்பது இரண்டாவது. தனியாக ஆடும் ஆர்கேட் பகுதியில் சம்பாதிக்கலாம் என்று போனால் அங்கும் ஒரு வரம்பு இருந்தது. குறிப்பிட்ட அளவு கிரெடிட் ஈட்டியதும், மேலும் ஈட்டப் பல மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்ற அறிவிப்பு திரையில் தோன்றியது. பணம் கொடுக்காத வழி என்று ஒன்று இருந்தது. ஆனால் அந்த வழியில் நடப்பவர் களைத்துப்போய்ப் பணம் கொடுக்கும் வழிக்கு வரும்படியே அது போடப்பட்டிருந்தது என்பது இந்த அமைப்பை உற்றுப் பார்க்கும் எவருக்கும் தோன்றும்.

வெளியீட்டுக்கு முன் விளையாட்டாளர்களைக் கொண்டு அக்டோபரில் நடந்த பீட்டா சோதனையிலேயே இது தெரியவில்லையா?

தெரிந்தது. பெட்டிகளைப் பற்றிய கடுமையான விமர்சனம் அப்போதே எழுந்தது. நிறுவனம் நவம்பர் தொடக்கத்தில் சில மாற்றங்களை அறிவித்தது: மிக உயர்ந்த தர அட்டைகள் பெட்டிகளில் பொதுவாக வராது, உதிரிப் பொருள்களைக் கொண்டு உருவாக்கித்தான் பெற வேண்டும். புகாரின் கூர்மையான முனையை மழுக்கினால் போதும் என்று நினைத்தார்கள் போலும். அட்டையின் வலிமைக்கும் பெட்டிக்கும் இடையிலான இணைப்பை அவர்கள் தொடவில்லை.

40 மணிநேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

முன்னோட்டக் காலத்தில் விளையாடியவர்கள், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கிடைத்த கிரெடிட்டையும் ஆட்டம் நீடித்த நேரத்தையும் அட்டவணையாகக் குறித்துச் சராசரி எடுத்தார்கள். லூக், வேடர் ஆகிய ஒவ்வொருவரின் பூட்டைத் திறக்கவும் 60,000 கிரெடிட் தேவைப்பட்டது. சராசரிப்படி அதை ஈட்ட ஏறத்தாழ 40 மணிநேரம் ஆகும். அதுவும் இடையில் ஒரு பெட்டிகூட வாங்காமல், ஈட்டியது அனைத்தையும் சேமித்தால். அதாவது அட்டைகளில் முன்னேறுவதா, வேடரை ஆடுவதா என்று ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஸ்டார் வார்ஸ் பெயரில் விற்கும் விளையாட்டில் வேடரையே தள்ளிவைத்தார்கள் என்பதுதான், அட்டை, தரம், உதிரிப் பொருள் என்ற கணக்குகளில் ஆர்வம் இல்லாத சாதாரண ரசிகரையும் கோபப்படுத்தியது. பின்னர் ஒரு ரசிகர் தளம் எல்லாவற்றையும் திறந்து முழுமையாக மேம்படுத்த 4,528 மணிநேர ஆட்டமோ ஏறக்குறைய 2,100 டாலரோ தேவை என்று மதிப்பிட்டது. அது ஊகங்களின் மேல் கட்டிய கணக்கு என்பதை மறக்கலாகாது, ஆனால் செய்திகளில் அந்த எண்தான் நின்றது.

அந்தப் புகழ்பெற்ற ரெடிட் பதிலில் என்ன இருந்தது?

80 டாலர் கொடுத்து உயர்விலைப் பதிப்பை வாங்கியும் வேடர் பூட்டப்பட்டிருக்கிறாரே என்று ஒருவர் ரெடிட்டில் எழுதிய புகாருக்கு, நவம்பர் 12 அன்று நிறுவனத்தின் சமூகத் தொடர்புக் குழு பதில் எழுதியது. பாத்திரங்களைத் திறக்கும்போது விளையாட்டாளருக்குப் பெருமிதமும் சாதித்த உணர்வும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். பீட்டாவில் திரட்டிய தரவுகளை வைத்து விலை நிர்ணயிக்கப்பட்டது. தொடர்ந்து திருத்துவோம் என்பது அதன் சாரம். ரெடிட் வரலாற்றிலேயே மிக அதிக எதிர்வாக்குகள் பெற்ற பதிலாக அது ஆனது. 6 லட்சத்து 83 ஆயிரம் எதிர்வாக்குகள் என்று கின்னஸ் சாதனைப் பதிவில் இடம்பெற்றது.

அந்தப் பதில் முரட்டுத்தனமானது அல்ல. எந்த நிறுவனத்திலும் எழுதப்படும் வழக்கமான, பணிவான பதில்தான். புகார் பணத்தைப் பற்றியது. பதிலில் பணம் என்ற பேச்சே இல்லை. 80 டாலர் கொடுத்தவரிடம், நீ இன்னும் உழைக்க வேண்டும், அதனால் உனக்குப் பெருமை என்று சொன்னதாகவே அது வாசிக்கப்பட்டது. உழைக்காமல் பெட்டி வாங்கி முன்னேறும் வசதியை அதே நிறுவனமே பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்ததால், சாதித்த உணர்வு என்ற வாதம் நிற்கக் கால் இல்லாமல் விழுந்தது.

விலையை 75 விழுக்காடு குறைத்த பிறகும் கோபம் ஏன் அடங்கவில்லை?

அடுத்த நாளே லூக், வேடர் ஆகியோரின் விலை 60,000இலிருந்து 15,000 ஆனது. ஆனால் கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசு 20,000 கிரெடிட்டிலிருந்து 5,000ஆகக் குறைக்கப்பட்டதைக் கண்டுபிடிக்க ரசிகர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கதையின் நாயகியான ஐடன் வெர்சியோவைத் திறக்கும் விலையோடு பரிசைப் பொருத்தவே அப்படிச் செய்தோம் என்ற விளக்கத்தில் ஓரளவு நியாயம் இருந்தாலும், ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்டதாகவே அது பட்டது. நவம்பர் 15 அன்று, விளையாட்டை உருவாக்கிய டைஸ் ஸ்டுடியோவைச் சேர்ந்த மூன்று பேர் ரெடிட்டில் நேரடியாகக் கேள்விகளுக்குப் பதிலளித்தார்கள். பெட்டிகள் நீக்கப்படுமா என்ற ஒரே கேள்வியைத்தான் ஆயிரக்கணக்கானோர் வேறு வேறு சொற்களில் கேட்டார்கள். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் அந்த மூவரிடம் இல்லை என்பது அவர்களின் சுற்றிவளைத்த பதில்களிலேயே வெளிப்பட்டது.

விற்பனையை நிறுத்தும் முடிவை எடுக்கவைத்தது யார்?

நவம்பர் 16 அன்று டைஸின் பொது மேலாளர் ஆஸ்கர் காப்ரியல்சன் அறிக்கை வெளியிட்டார்: ஆட்டத்துக்குள் பணம் கொடுத்து வாங்கும் வசதி அனைத்தும் நிறுத்தப்படுகிறது, முன்னேற்றம் முழுவதும் ஆட்டத்தின் வழியே மட்டும். பிற்காலத்தில் மாற்றங்களுடன் விற்பனை திரும்பும் என்றும் அதே அறிக்கை சொன்னது.

இந்த இடத்தில்தான் வழக்கமான கதையோடு இந்தப் பக்கம் முரண்படுகிறது. டிஸ்னி தரப்பு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் தலைமையைத் தொடர்புகொண்டு அதிருப்தியைத் தெரிவித்ததாக அந்த நாட்களிலேயே அமெரிக்க ஊடகங்கள் எழுதின. அந்த உரையாடலின் முழு விவரம் வெளிவராவிட்டாலும், டிஸ்னியின் நிலையை நினைத்துப் பார்ப்பது கடினம் அல்ல. 2012இல் ஸ்டார் வார்ஸின் உரிமையாளரான லூகாஸ்ஃபிலிமை 400 கோடி டாலருக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கிய நிறுவனம் அது. 2013இல் ஸ்டார் வார்ஸ் வீடியோ கேம்களை உருவாக்கும் பத்தாண்டு உரிமையை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்குக் கொடுத்திருந்தது. 2017 டிசம்பர் 15 அன்று அடுத்த ஸ்டார் வார்ஸ் படம் திரைக்கு வர இருந்தது. படத்துக்கு ஒரு மாதம் முன்பு, குழந்தைகளுக்குச் சூதாட்டம் கற்றுக்கொடுக்கும் பெயர் என்று நாளிதழ்களில் ஸ்டார் வார்ஸ் அடிபட்டால் இழப்பு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு மட்டும் அல்ல. உரிமையைத் தந்தவரின் முகச்சுளிப்புக்கு இருக்கும் எடை, வாங்குபவரின் கூச்சலுக்கு இருப்பதில்லை. கூச்சல் போட்டவர்கள் செய்த பெரிய காரியம், அந்த முகச்சுளிப்பு வரும் அளவுக்குச் செய்தியை வீடியோ கேம் உலகத்துக்கு வெளியே கொண்டுபோனதுதான்.

நேரமும் கைகொடுத்தது. முன்னோட்டத்துக்கும் வெளியீட்டுக்கும் இடையில் எட்டு நாட்கள் இருந்தன. பெரும்பாலானோர் இன்னும் வாங்கியிருக்கவில்லை. வாங்கியபின் எழும் கோபத்தைக் காத்திருந்து கடத்திவிடலாம். வாங்குவதற்கு முன் எழும் கோபம் முதல் வார விற்பனையையே தொடும்.

வேடருக்கு வண்ணம் மாற்றும் உடைகள் போன்ற அலங்காரப் பொருள்களை மட்டும் விற்றிருக்கலாமே?

பல விளையாட்டுகள் அப்படித்தான் சம்பாதிக்கின்றன. ஆட்டத்தின் சமநிலையும் கெடுவதில்லை. நவம்பர் இறுதியில் முதலீட்டாளர் கூட்டம் ஒன்றில் இதே கேள்வி எழுந்தபோது, நிறுவனத்தின் நிதித் தலைவர் பிளேக் ஜோர்கன்சன், ஸ்டார் வார்ஸ் உலகத்துக்கென்று வரையறுக்கப்பட்ட தோற்றங்கள் உண்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் வேடரைக் காட்டினால் அந்த வரையறையை மீறியதாகிவிடும் என்ற பொருளில் பதில் சொன்னார். வேடரின் கவசத்தின் நிறத்தை மாற்றுவது மரபு மீறல், ஆனால் வேடரை 40 மணிநேரத்துக்குப் பின்னால் பூட்டிவைப்பது மரபுக்கு உட்பட்டது என்று ஆகிறது. அடுத்த ஆண்டே அதே விளையாட்டில் அலங்கார உடைகள் விற்பனைக்கு வந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது தயார் செய்யாத பதில் என்றே கொள்ளலாம்.

நிறுவனத்துக்கு உண்மையில் நஷ்டம் ஏற்பட்டதா?

குறுகிய காலத்தில் ஏற்பட்டது. 2017 நவம்பர் மாதத்தில் பங்கின் விலை 8 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. சந்தை மதிப்பில் சுமார் 300 கோடி டாலர் குறைந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். டிசம்பர் முடிய 1 கோடி பிரதிகள் விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 90 லட்சமே விற்றதாக நிறுவனம் 2018 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. ஆனால் 2018 நடுப்பகுதியில் பங்கு அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. எதிர்ப்பு நிறுவனத்தின் முதுகெலும்பை முறித்துவிட்டது என்று இன்றும் எழுதுபவர்கள் இந்த இரண்டாவது விவரத்தை விட்டுவிடுகிறார்கள்.

பெட்டிகளைச் சூதாட்டம் என்று எந்த நாடாவது அறிவித்ததா?

பெல்ஜியம் அறிவித்தது. அந்நாட்டின் சூதாட்ட ஆணையம் சர்ச்சை நடந்துகொண்டிருந்த வாரத்திலேயே விசாரணையைத் தொடங்கியது. 2018 ஏப்ரலில் வெளியான முடிவில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் கால்பந்து விளையாட்டான ஃபிஃபா 18, பிற நிறுவனங்களின் ஓவர்வாட்ச், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆகிய மூன்று விளையாட்டுகளும் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாகக் கூறப்பட்டது. விசாரணைக்கே காரணமாக இருந்த பேட்டில்ஃப்ரண்ட் 2 அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குள் அதன் விற்பனை முறை மாறிவிட்டிருந்தது. மீறுவோருக்கு 8 லட்சம் யூரோ வரை அபராதமும் சிறைத்தண்டனையும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, பாதிக்கப்படுவோர் சிறார் என்றால் இரட்டிப்பு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சிறிது காலம் இணங்க மறுத்துவிட்டு, 2019 ஜனவரி இறுதியில் பெல்ஜியத்தில் ஃபிஃபா பாயின்ட் (ஃபிஃபாவில் அட்டைப் பொதிகளை வாங்க உதவும் நாணயம்) விற்பனையை நிறுத்தியது.

நெதர்லாந்தின் பாதை வேறு. அங்குள்ள சூதாட்ட ஒழுங்குமுறை அமைப்பு ஃபிஃபாவுக்காக நிறுவனத்தின் மீது 1 கோடி யூரோ வரையிலான அபராதம் விதித்தது. 2020 அக்டோபரில் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர்நிலை நிர்வாக நீதி அமைப்பு அதை ரத்து செய்தது. பெட்டியைத் திறப்பது தனித்த ஒரு விளையாட்டு அல்ல, திறமையை அடிப்படையாகக் கொண்ட பெரிய விளையாட்டின் ஒரு பகுதி என்பது அதன் தர்க்கம்.

பிரிட்டனில் சிக்கல் பரிசின் மதிப்பில் இருந்தது. கிடைக்கும் பொருளை அதிகாரப்பூர்வமாகப் பணமாக மாற்ற வழி இல்லாதவரை அது சூதாட்டச் சட்டத்துக்குள் வராது என்பது அங்குள்ள ஆணையத்தின் நிலை. 2022 ஜூலையில் பிரிட்டன் அரசு சட்டத்தைத் திருத்தப்போவதில்லை என்று அறிவித்து, பொறுப்பைத் துறையிடமே விட்டது. அமெரிக்காவின் ஹவாயில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் கிறிஸ் லீ, இந்த விளையாட்டை ஸ்டார் வார்ஸ் வேடமிட்ட இணையச் சூதாட்டக் கூடம் என்று 2017 நவம்பரிலேயே கண்டித்தார். அதையொட்டிக் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் நிறைவேறவில்லை.

பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுவனம் என்ன சொன்னது?

2019 ஜூனில் சாட்சியம் அளித்த நிறுவனத்தின் துணைத் தலைவர் கெர்ரி ஹாப்கின்ஸ், தாங்கள் இவற்றை லூட் பாக்ஸ் என்று அழைப்பதில்லை, ஆச்சரியம் தரும் ஏற்பாடுகள் என்றே பார்க்கிறோம் என்று கூறி, கடைகளில் விற்கும் பொம்மை வைத்த சாக்லேட் முட்டைகளோடு ஒப்பிட்டார். குழு சமாதானம் அடையவில்லை. சிறாருக்கு இவற்றை விற்கக் கூடாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் பரிந்துரைத்தது. சாக்லேட் முட்டையை வாங்கும் குழந்தையின் கையில் உள்ள சில்லறை தீர்ந்தால் விளையாட்டு முடிந்துவிடும். பெற்றோரின் கடன் அட்டை இணைக்கப்பட்ட கணக்கில் அப்படி ஒரு முடிவு தானாக வருவதில்லை என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

ஃபிஃபாவிலும் இதே முறைதானே இருந்தது? அங்கே ஏன் எதுவும் மாறவில்லை?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. அல்டிமேட் டீம் என்ற பகுதி 2009 முதல் ஃபிஃபாவில் (2023 முதல் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற பெயரில்) இருக்கிறது. கால்பந்து வீரர்களின் அட்டைகள் அடங்கிய பொதிகளைப் பணம் கொடுத்து வாங்கலாம். நல்ல வீரர் கிடைத்தால் அணி வலுப்பெறும். அந்த அணியைக் கொண்டு மற்றவர்களோடு மோதலாம். பணத்தால் வலிமை என்ற புகார் பேட்டில்ஃப்ரண்ட் 2க்குப் பொருந்தும் அளவுக்கு, ஒருவேளை அதைவிடவும் கூடுதலாக, இதற்கும் பொருந்தும். ஆயினும் நிறுவனத்தின் விளையாட்டுகளில் அல்டிமேட் டீம் மட்டும் 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 162 கோடி டாலர் ஈட்டியது. மொத்த வருவாயில் அது கால் பங்கைவிட அதிகம். பேட்டில்ஃப்ரண்ட் சர்ச்சைக்குப் பின் வந்த ஒவ்வோர் ஆண்டிலும் அந்தத் தொகை கூடியே வந்திருந்தது.

வேறுபாடுகள் சில உண்டு. கால்பந்து அட்டை சேர்ப்பது ஐரோப்பியச் சிறுவர்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம் என்பதால் பொதி வாங்குவது அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அல்டிமேட் டீமை விரும்பாதவர் அந்தப் பகுதிக்குள் போகாமலே முழு விளையாட்டையும் ஆடலாம். பேட்டில்ஃப்ரண்டில் பெட்டி முன்னேற்றத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வளர்ந்த ஒன்றை எதிர்க்க ஒரு குறிப்பிட்ட வாரம் அமைவதில்லை.

ஆனால் முதன்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்தை எழுதுபவரின் முடிவு. ஃபிஃபாவில், டிஸ்னியைப் போல முகம் சுளித்து அதைக் கேட்கவைக்கக்கூடிய மூன்றாம் தரப்பு எதுவும் அப்படி நடந்துகொள்ளவில்லை. கால்பந்துச் சங்கங்களும் லீக்குகளும் தங்கள் பெயருக்கான உரிமத் தொகையைப் பெற்றுக்கொண்டன. நிறுவனமும் ஸ்டார் வார்ஸ் பெட்டியை இழந்தால் எதிர்கால வருவாயில் ஒரு பங்கை இழக்கும். அல்டிமேட் டீமை இழந்தால் இன்றைய வருவாயையே இழக்கும். இந்த இரண்டில் எதை விட்டுக்கொடுக்கும் என்பதற்கு எதிர்வாக்குகளை எண்ண வேண்டிய தேவை இல்லை.

அப்படியானால் எதிர்ப்பால் துறையில் எதுவுமே மாறவில்லையா?

மாறியது, கேட்டது போல அல்லாவிட்டாலும். 2017 டிசம்பரில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் உள்ள விளையாட்டுகள் பெட்டியில் எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என்று விதித்தது. சீனாவில் அந்த விதி அதே ஆண்டு மே மாதமே நடைமுறைக்கு வந்திருந்தது. அமெரிக்காவில் விளையாட்டுகளுக்கு வயதுத் தகுதி வழங்கும் இஎஸ்ஆர்பி அமைப்பு 2018இல் ஆட்டத்துக்குள் விற்பனை உண்டு என்ற குறிப்பையும், 2020இல் குலுக்கல் முறைப் பொருள்கள் உண்டு என்ற குறிப்பையும் உறைகளில் சேர்த்தது. ராக்கெட் லீக் விளையாட்டு 2019 இறுதியில் பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைக் கைவிட்டது. ஓவர்வாட்ச் 2022இல் இரண்டாம் பாகமாக மாறியபோது பெட்டிகளை நீக்கியது.

அவற்றின் இடத்தைப் பெரிதும் பேட்டில் பாஸ் பிடித்துக்கொண்டது: ஒரு பருவத்துக்குப் பணம் கொடுத்தால், ஆட ஆடப் பொருள்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியும், சூதாட்டம் என்ற குற்றச்சாட்டும் எழாது. குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆடி முடிக்காவிட்டால் கொடுத்த பணத்துக்கான பொருள் கிடைக்காமல் போகலாம் என்ற நெருக்கடி புதிதாக வந்து சேர்ந்தது. கைபேசி விளையாட்டுகளிலோ பெட்டிகள் இன்றும் சாதாரணம்.

பேட்டில்ஃப்ரண்ட் 2 கடைசியில் என்ன ஆயிற்று?

2018 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட புதிய முறையில் ஸ்டார் கார்டுகள் பெட்டிகளிலிருந்து முற்றிலும் நீக்கப்பட்டன. ஒரு பாத்திரத்தை ஆட ஆட அனுபவப் புள்ளிகள் சேர்ந்து அட்டைகள் கிடைத்தன. முதல் வெளியீட்டில் பூட்டியிருந்த நாயகர்கள் அனைவரும் எல்லோருக்கும் திறக்கப்பட்டார்கள். ஏப்ரலில் கிரிஸ்டல் விற்பனை திரும்பியது, அலங்காரப் பொருள்களுக்கு மட்டும். அதன்பின் ஓபி-வான், கிரீவஸ், டூக்கு, அனாகின் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக இலவசமாகச் சேர்க்கப்பட்டார்கள். திட்டித் தீர்த்தவர்களில் பலர் திரும்பி வந்து பாராட்டினார்கள். பாராட்டு முழுக்கத் தகுதியானதே. 2020 ஏப்ரல் இறுதியில் கடைசிப் பெரிய புதுப்பிப்பு வந்தது. 2021 ஜனவரியில் எபிக் கேம்ஸ் ஸ்டோர் என்ற இணையக் கடை அதை ஒரு வாரம் இலவசமாக வழங்கியபோது 1 கோடியே 90 லட்சத்துக்கும் அதிகமானோர் பெற்றுக்கொண்டார்கள். விளையாட்டின் சர்வர்கள் அந்தக் கூட்டத்தைத் தாங்காமல் திணறின.

அதே மாதத்தில், ஸ்டார் வார்ஸ் உலகில் ஒரு புதிய விளையாட்டை யுபிசாஃப்ட் என்ற வேறொரு நிறுவனம் உருவாக்குவதாக லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் அறிவித்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தொடர்ந்து ஸ்டார் வார்ஸ் விளையாட்டுகளை வெளியிடுகிறது. ஆனால் அந்தப் பெயரை அது மட்டுமே பயன்படுத்தலாம் என்ற நிலை அத்துடன் முடிந்தது.